இளையவள் பக்கம்

குரங்குக்குப் பொறாமை வந்தது என்று எழுதக்கூடாது. ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த நாளில் எனக்குச் சொல்லப்பட்ட முதல் விதி அது. கோபம் என்று எழுதாதே, கவலை என்று எழுதாதே, பொறாமை என்று எழுதவே எழுதாதே. பல்லைக் காட்டியது என்று எழுது. விலகிப் போனது என்று எழுது. இரண்டு குரங்குகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது என்று எழுது. அதற்கு மேல் அதன் மனதுக்குள் என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியாது என்றார் என் பேராசிரியர். எனக்கு நன்றாகவே தெரியும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்பதை ஓர் ஆதாரமாக அவர் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

அது சண்டைக்காலம். எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், பழுகாமத்துக்குக் கிட்ட இருந்தது. கிழக்குக் கரையும் பட்டணமும் இராணுவத்திடம், எங்கள் கரை இயக்கத்திடம், நடுவில் தண்ணீர். குரங்குகளைப் படிக்கிறவர்கள் வழக்கமாகப் போகும் காடுகளுக்கு எங்களால் போக முடியாது. வீதிகள் பூட்டியே கிடந்தன. உன் ஊரில் குரங்கு இல்லையா என்று பேராசிரியர் கேட்டார். இல்லாமல் என்ன? எங்கள் அம்மன் கோயிலுக்குப் பின்னால், வட்டை என்று நாங்கள் சொல்லும் பெரிய வயல்வெளி தொடங்குகிற இடத்தில், ஆலும் நாவலும் மருதுமாக ஒரு தோப்பு நின்றது. அதில் ஒரு கூட்டம் பரம்பரையாகக் குடியிருந்தது. சின்ன உடம்பு, நீண்ட வால், நடுவகிடு எடுத்துப் படிய வாரியது போலத் தலைமயிர். ஊருக்கு அவை கள்ளர். கோயில் வாழைப்பழத்தையும் எங்கள் வீட்டுக் கொய்யாவையும் ஒரே உரிமையோடு எடுத்தன. அந்தக் கள்ளரைத்தான் விடிந்ததும் போய் உட்கார்ந்து பார்த்து, அவர்களுக்குள் யார் பெரியவர், யார் சின்னவர், யார் யாருக்கு என்ன சத்தத்தில் என்ன சொல்கிறார் என்று நான் எழுத வேண்டும்.

பைனாகுலர் கிடையாது. பல்கலைக்கழகத்தில் ஒன்று இருந்தது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாவியைக் கடக்க எனக்கென்ன பைத்தியமா? இராணுவம் கண்டால் இயக்கத்துக்கு வேவு பார்க்கிறேன் என்பார்கள், இயக்கம் கண்டால் இராணுவத்துக்கு என்பார்கள். குரங்கு பார்க்கிறேன் என்ற உண்மையை இரண்டு பக்கமும் நம்பாது. டேப் ரெக்கோடரும் கிடையாது. எங்கள் கரைக்குப் பற்றரி கொண்டுவரத் தடை. ஆகவே குரங்குகளின் குரல்களை நான் என் தொண்டையிலேயே பதிவு செய்துகொண்டேன். பேராசிரியரைப் பார்க்கப் பட்டணக் கரைக்குப் போகும்போதெல்லாம் அவர் அறையில் நின்று, பழுத்த ஆலம்பழம் கண்டால் இப்படி, நாய்க்கு இப்படி, கழுகுக்கு இப்படி என்று கத்திக் காட்டுவேன். ஹெலிகொப்டர் வந்தாலும் கழுகுக் குரலைத்தான் கொடுக்கின்றன என்று நான் சொன்னபோது அவர் கதிரையை விட்டு எழுந்து, இன்னொரு தடவை கத்தச் சொன்னார். பியோன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மரியாதையாக மூடினான். ஊரில் எனக்குக் குரங்கு ரீச்சர் என்று பட்டம். நான் யாருக்கும் படிப்பித்ததில்லை, குரங்குகளுக்கும் இல்லை, ஆனாலும் அந்தப் பட்டம்தான் நின்றது.

கூட்டத்தில் ஒரு குடும்பத்தையே அதிகம் பார்த்தேன். இடது காது கிழிந்த ஒரு தாய், அவளுக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் முழுதாக வளர்ந்தவள், நல்ல திடமான உடம்பு. இளையவள் இன்னும் குட்டித்தனம் போகாதவள். குரங்கை 'அது' என்றுதான் எழுத வேண்டும் என்பது இன்னொரு விதி. இப்போது என் கட்டுரையைத் திருத்த யாரும் இல்லை, ஆகவே அவள் என்றே எழுதுகிறேன்.

இந்தக் குரங்குகளில் ஆண்கள் வளர்ந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போய்விடுவார்கள், பெண்கள் தாயோடே இருந்துவிடுவார்கள். வகுப்பில் இதைக் கேட்டு மற்ற மாணவர்கள் வியந்தார்கள். எனக்கு வியப்பில்லை. எங்கள் பக்கத்திலும் அதுதானே வழக்கம். எங்கள் குடி தாய்வழியில் வருவது. கல்யாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுக்குச் சீதனம். மூத்த மகள் கல்யாணம் செய்யும்போது தாயின் வீடு அவளுக்குப் போகும். தாயும் மற்றப் பிள்ளைகளும் அதே வளவில் இன்னொரு வீடு கட்டிப் போவார்கள், அது அடுத்தவளுக்கு. இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. மூத்தவள் முதல் என்பது சோறு தின்னப் பழகியபோதே பழகிப்போனது.

அந்தப் பழக்கத்தோடுதான் தோப்புக்குப் போனேன். தாய்க்கு அடுத்த இடம் மூத்தவளுக்கு என்று முதல் வாரமே எழுதிவிட்டேன்.

என் தங்கை எனக்குப் பத்து வயதுக்கு மேல் இளையவள். அவள் பிறந்த கொஞ்ச நாளில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா தன் துக்கத்தையெல்லாம் கொஞ்சலாக மாற்றி அந்தக் குழந்தையின் மேல் கொட்டினாள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இறால் பொரித்தால் பெரியது அவளுக்கு. நண்டுக் கறி என்றால் கால் அவளுக்கு, ஓடு எனக்கு. குழந்தைக்குப் பல் போதாது என்று அம்மா நண்டுக்காலை உடைத்துச் சதையை எடுத்துக் கொடுத்தாள், சரி. அவளுக்குக் கரும்பு கடிக்கிற பல் வந்த பிறகும் உடைத்துத்தான் கொடுத்தாள். மத்தியானங்களில் பின்வாசலில் அம்மா கால் நீட்டி உட்காருவாள், தங்கை மடியில் தலை வைப்பாள், அம்மா பேன் பார்ப்பாள். அந்தத் தலையில் பேன் இல்லை. எனக்குத் தெரியும், முதல்நாள் மருந்து போட்டு முழுகவார்த்தவளே நான்தான். என்றாலும் அம்மா வெயில் சாயும்வரை தேடுவாள், தங்கை கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள்.

எனக்கு வயிறு எரிந்தது. முப்பதை நெருங்கும் பெண், பட்டம் படித்தவள், பல்கலைக்கழகம் தரும் என் சம்பளத்தில்தான் வீட்டில் அரிசி வேகிறது, ஆனாலும் எரிந்தது. இதில் ஒரு துன்பம் என்னவென்றால் தங்கை நல்லவள். எனக்கென்று கொய்யா ஒளித்துவைப்பாள். நான் வாவியைக் கடந்து திரும்பிவரும் நாட்களில் குளிக்கத் தண்ணீர் அள்ளி வைப்பாள். கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! நல்லவளைப் பார்த்து எரிகிறவளுக்கு ஒரு நியாயமும் கிடைப்பதில்லை.

தோப்பிலும் அதே கூத்துத்தான் நடந்தது. காலையில் இரை தேடி முடித்த பிறகு காது கிழிந்தவள் ஆலமரத்தின் தாழ்ந்த கிளையில் சாய்ந்து உட்காருவாள். இளையவள் வந்து முதுகைக் காட்டுவாள். தாய் அவள் மயிரை விரல் விரலாக விலக்கிப் பார்ப்பாள். இது வெறும் சுத்தம் செய்வது அல்ல. குரங்குகளுக்குள் இதுதான் உறவு; யார் யாருக்கு மயிர் நீவிவிடுகிறார் என்று பார்த்தாலே யார் யாருக்கு வேண்டியவர் என்று சொல்லிவிடலாம். மூத்தவள் எதிர்க் கிளையில் உட்கார்ந்து தன் முழங்காலைத் தானே சொறிவாள். பிறகு ஏதோ வேறு வேலையாகப் போகிறவள் மாதிரி மெல்ல இறங்கி வந்து, தாய்க்கும் தங்கைக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்ச இடத்தில் தன் உடம்பை நுழைத்து உட்காருவாள். தாயின் கை ஒரு கணம் நிற்கும். பிறகு மூத்தவளின் தோளுக்கு மேலாக நீண்டு இளையவளையே தேடும்.

இரண்டு பேருக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது என்று எழுதினேன். விதி விதிதான். ஆனால் பென்சிலை அழுத்தி எழுதினேன்.

இன்னொன்று அந்த இளையவளின் கூக்குரல். ஒரு நாவற்பழத்துக்கு மூத்தவள் கை நீட்டினால் போதும், அவள் இன்னும் தொடக்கூட இல்லை, இளையவள் வாயை அகலத் திறந்து தொண்டை கிழியக் கத்துவாள். கொலை நடக்கிறது என்று நினைக்க வேண்டும். அடுத்த கணம் தாய் பறந்து வந்து, கண்ணை உருட்டி வாயைப் பிளந்து மூத்தவளை விரட்டுவாள். மூத்தவள் உதட்டைப் பின்னுக்கு இழுத்துப் பல்லைக் காட்டுவாள். தெரியாதவர்கள் பார்த்தால் சிரிக்கிறாள் என்பார்கள். நான் தோற்றேன், அடிக்காதே என்பது அதன் பொருள். தாய் திரும்பிப் பார்க்கும்போது இளையவளின் கூக்குரல் நின்றிருக்கும், நாவற்பழம் கன்னத்துக்குள் இருக்கும். என் தங்கை சின்ன வயதில் இதையே செய்தாள். நான் தொட்டதே இல்லை, அக்கா கிள்ளிப்போட்டா என்று ஊரைக் கூட்டுவாள், அகப்பைக்காம்பால் அடி எனக்கு. ஆகவே ஒருநாள் அந்தக் குரங்கு கத்தியபோது நான் கையை ஓங்கிச் 'சூ' என்று சொல்லிவிட்டேன். ஆராய்ச்சி செய்கிறவர் குறுக்கிடவே கூடாது. இளையவள் கத்துவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். தாயும் பார்த்தாள். மூத்தவள் மட்டும் பார்க்கவில்லை, அந்தச் சந்தர்ப்பத்தில் பழத்தைப் பொறுக்கிக்கொண்டு போனாள். அன்று முழுதும் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

இப்படி மூத்தவள் விட்டுக்கொடுத்த ஒவ்வொரு தடவையும் நான் ஒரு காரணம் எழுதினேன். அவளுக்குப் பசி இல்லை. மழை பெய்ததால் உடம்புக்கு முடியவில்லை. கோயிலில் மேளம் அடித்ததால் கவனம் கலைந்தது. கடைசியில் விதிவிலக்கு என்று அடைப்புக்குறிக்குள் போட்டேன். மூத்தவள் இளையவளை விரட்டிய நாள் ஏதாவது வந்தால், அதைக் கோடு போட்டுக் காட்டினேன்.

பேராசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த மனிதர், சிரிப்பதென்றால் மூக்கால் மட்டும் சிரிப்பார். நான் எழுதிக் கொண்டுபோனதை வாசித்துவிட்டு, இத்தனை விதிவிலக்கு வருமென்றால் விதி எங்கே என்று கேட்டார். நான் மழையையும் மேளத்தையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பிள்ளை, குரங்கு பிழை விடேல்லை. நீதான் விடுறாய்."

பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினார். இந்தச் சாதிக் குரங்குகளில் மகளின் இடம் தாயின் கையில் இருக்கிறது. சண்டை வந்தால் தாய் எப்போதும் சின்னவளின் பக்கம் நிற்பாள். அதைப் பார்த்துப் பார்த்து மற்றவர்களும் சின்னவளுக்கு வழிவிடுவார்கள். சின்னவள் வளர வளர அக்காமாருக்கு மேலே ஏறிப் போவாள். மூத்தவள் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் கீழேதான். ஆகக் கடைசியாகப் பிறந்தவளுக்குத்தான் தாய்க்கு அடுத்த இடம். நான் ஏன் என்று கேட்டேன். அது நியாயம் இல்லையே என்றும் சொல்லிவிட்டேன். அவர் மூக்கால் சிரித்தார். மூத்தவள் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளுவாள், இளையவளுக்குத்தான் ஆபத்து, தாய் எங்கே தேவையோ அங்கே நிற்கிறாள், இதில் நியாயம் எங்கே வந்தது என்றார். எனக்கு அந்த மனிதர் மேலேயே கோபம் வந்தது. அவர் வீட்டில் அவர் கடைக்குட்டி என்று பின்னால் அறிந்தேன்.

பேராசிரியர் சொன்னபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து திருத்தி எழுத வேண்டியிருந்தது. எல்லா விதிவிலக்கும் விதியாயிற்று. அதை எழுதிக்கொண்டிருந்த மாதத்தில்தான் தங்கைக்குக் கல்யாணப் பேச்சு வந்தது.

காரணம் எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரிந்த காரணம். வீட்டுக்கு ஒருவர் இயக்கத்துக்கு வர வேண்டும் என்று அப்போது கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் கேட்டார்கள், பிறகு கேட்காமலே கொண்டுபோனார்கள். தங்கையோடு படித்த பிள்ளைகளில் சிலர் ரியூசனுக்குப் போன இடத்திலிருந்து வீட்டுக்கு வரவில்லை. கல்யாணமான பெண்ணைத் தொட மாட்டார்கள் என்று ஊர் நம்பியது. ஆகவே சாமத்தியப்பட்ட பெண்பிள்ளை வைத்திருந்த தாய்மார் எல்லாம் மாப்பிள்ளை தேடி ஓடினார்கள், பதினெட்டு நிறையாத பிள்ளைகளுக்கெல்லாம் தாலி ஏறியது. அம்மாவும் ஓடினாள். எங்கள் வீட்டுக்கும் இயக்கத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் வந்து அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்கள். தங்கைக்கு என்ன வயது, என்ன படிக்கிறா, எப்போது பரீட்சை என்றெல்லாம் கேட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னைப் பார்த்து, அக்கா தேத்தண்ணி ஒன்று தாங்க என்றார்கள். இயக்கத்துக்குக்கூட நான் தேவைப்படவில்லை. அதற்கும் எனக்கு ஒரு மூலையில் சுரீரென்றது. பயப்பட வேண்டிய இடத்தில் இப்படி ஒரு மனம் என்னிடம் இருந்தது.

மாப்பிள்ளை கிரானைச் சேர்ந்தவர், கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை, அமைதியான மனிதர். அவருடைய தாய் ஒன்றைத்தான் கேட்டார், வீடு எங்கே? கேட்டதில் பிழை இல்லை. மாப்பிள்ளை வந்து இருக்க வீடு வேண்டும், எங்கள் எல்லோருக்கும் அது வழக்கம்தான். வழக்கப்படி அம்மாவின் வீடு எனக்கு, பின்வளவில் கட்டப்போகும் வீடு தங்கைக்கு. பின்வளவில் அத்திவாரம் வெட்டிக் கிடந்தது. சீமெந்து பங்கர் கட்ட உதவும் என்று இராணுவம் எங்கள் கரைக்கு ஒரு பையும் விடாது. அத்திவாரக் குழியில் மாரிக்கு மாரி தண்ணீர் நின்று தவளை கத்தியது. இருந்தது ஒரே ஒரு வீடு.

எனக்கும் பேச்சுகள் வராமல் இல்லை. சித்தாண்டியிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்த நாளில் குரங்குகள் குட்டி ஈனும் பருவம், நான் தோப்பில் இருந்தேன். அம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் நான் வருவதற்குள் அவர்கள் எழுந்துவிட்டார்கள். பெண் எங்கே என்று கேட்டதற்கு, குரங்கு பார்க்கப் போயிருக்கிறா என்று யாரோ உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் குறைவு. எனக்கு அதில் பெரிய துக்கம் இல்லை. கல்யாணம் வரும், வராமல் போகும், வீடு என்னுடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. என் அறை, என் கொய்யா, கிணற்றடியில் நான் வைத்த செவ்வரத்தை. தங்கை எதை எடுத்தாலும் இதை எடுக்க முடியாது என்பது எனக்குள் ஒரு பெட்டகமாக இருந்தது.

அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, வருகிறார் என்று மட்டும் சொன்னாள். எங்கள் வழக்கத்தில் இப்படிப்பட்ட விஷயத்தில் தாய்மாமன்தான் முடிவு சொல்வார். மூத்தவளுக்கு உரியதை இளையவளுக்கு மாற்றுவதென்றால் மூத்தவள் அவர் முன்னால் வாய்திறந்து சம்மதம் சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் அவர் வெற்றிலையைத் தொட மாட்டார்.

அன்று காலையும் தோப்புக்குப் போனேன். வட்டைப் பக்கமிருந்து தெருநாய்கள் கூட்டமாக வந்தன. குரங்குகள் கீழே பழம் பொறுக்கிக்கொண்டிருந்த நேரம். காவலுக்கு இருந்த குரங்கு நாய்க்குரல் கொடுத்ததும் எல்லாம் மரத்துக்குப் பாய்ந்தன. காது கிழிந்தவள் ஏறி விட்டாள். பிறகு திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கி ஓடினாள். மூத்தவள் அவளுக்குக் கிட்டத்தில்தான் நின்றாள், தாய் அவளைத் தாண்டிக்கொண்டு ஓடி, வேலியோரம் நின்ற இளையவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு மருதமரத்தில் தாவினாள். மூத்தவள் தானாகவே ஏறி வந்தாள். ஒரு கீறல்கூட இல்லை. எல்லோருக்கும் மேலான ஒரு கிளையில் தனியாக உட்கார்ந்து, கீழே தாயும் தங்கையும் கட்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்தாள். நான் எழுத வேண்டியதை எழுதினேன். மூத்தது பாதுகாப்பாக இருந்தது.

பின்னேரம் மாமா வந்தார். மாப்பிள்ளையின் தாயும் வந்து நடுவறையில் பாயில் உட்கார்ந்தார். தங்கை அறைக்குள், கதவு பாதி சாத்தியிருந்தது. அம்மா தட்டத்தில் வெற்றிலை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்துக் காம்பு கிள்ளினாள். மாமா சுற்றி வளைக்காத மனிதர். நிலவரத்தை எல்லோருக்கும் தெரிந்ததாகவே வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மருமகள், வீடு உனக்குரியது. அத இளையவளுக்கு எழுத உனக்குச் சம்மதமா? உன்ட வாயால கேட்டாத்தான் நான் ஓமெண்டுவன்."

இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது, அங்கே இருந்த ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. சொன்னால் என்ன நடக்கும் என்றும் தெரியும். அந்தத் தாய் பாயை விட்டு எழுந்து போவார். தங்கை பரீட்சை எழுதுவதற்கு முன்பே யாராவது வந்து அவளைக் கூட்டிப் போவார்கள். அறைக் கதவுக்குப் பின்னால் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. அவளுடைய உயிர் என் நாக்கில் இருந்தது, என் பெட்டகமும் என் நாக்கில் இருந்தது. அப்படியிருந்தும் நான் அவள் கதவைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தேன். எனக்கு அவள் ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்க்க வேண்டும். இவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று அந்தக் கை ஒரு கணம் நிற்க வேண்டும். எனக்காக வீட்டைப் பிடித்துவைக்கக்கூட வேண்டாம், பார்த்தால் போதும்.

அம்மா அடுத்த வெற்றிலையை எடுத்துத் துடைத்தாள்.

"குடுங்க மாமா," என்றேன்.

மாமா பெருமூச்சு விட்டு வெற்றிலைக்குக் கை நீட்டினார். மாப்பிள்ளையின் தாய் என்னை நல்ல பிள்ளை என்றார். அறைக்குள் தங்கை அழும் சத்தம் கேட்டது, சந்தோஷ அழுகைதான், அவள் அழுகையின் வகைகள் எல்லாம் எனக்குப் பாடம். நான் எழுந்து போய்த் தேத்தண்ணி வைத்தேன்.

எல்லோரும் போன பிறகு அம்மா கிணற்றடியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது, பல மாதமாக அந்த முகத்தை நான் அப்படிப் பார்க்கவில்லை. நானும் போய்ப் பக்கத்தில் குந்தி, கழுவிய கோப்பைகளை வாங்கி வைத்தேன். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. என்னை ஏன் முன்கூட்டியே கேட்கவில்லை என்று கேட்டேன்.

"நீ ஓமெண்டுதான் சொல்லுவாய் எண்டு எனக்குத் தெரியும்தானே," என்றாள் அம்மா. பிறகு கையில் இருந்த கோப்பையைத் தண்ணீரில் முக்கியபடி, எனக்கு ஒரு பரிசு தருகிற குரலில் சொன்னாள். "இவள நினைச்சாத்தான் எனக்கு ஈரக்குலை நடுங்குற. உன்னை நினைச்சி நான் ஒருநாளும் பயந்ததில்ல மனே."

ஒருநாளும் இல்லை. வாவியை நான் தனியாகக் கடந்த எல்லா நாட்களிலும் இல்லை. சோதனைச் சாவடியில் வெயிலில் நிறுத்தி வைத்து இருட்டிய பிறகு அனுப்பினார்களே, அன்றும் இல்லை. தோப்புக்கு அந்தப் பக்கம் ஷெல் விழுந்து, நான் கோயில் மதிலோடு ஒட்டிப் படுத்துக் கிடந்து, உடம்பு முழுக்க மண்ணோடு வீட்டுக்கு வந்த அன்றைக்கும் இல்லை. அன்று அம்மா தங்கையைத் தேடி வீதிக்கு ஓடியிருந்தாள், நானே குளித்து நானே சோறு போட்டுத் தின்றேன். பெரிய இறாலும் நண்டுக்காலும் வீடும் போகட்டும். என் தங்கையிடமிருந்து எனக்கு வேண்டியிருந்தது அம்மாவின் இந்தப் பயம் ஒன்றுதான், இதைப் பிடுங்கித் தர எந்த மாமனாலும் முடியாது.

"எனக்காகவும் கொஞ்சம் பயந்திருக்கலாமே அம்மா," என்றேன்.

அம்மா கை நிறுத்தி என்னைப் பார்த்தாள். விளங்காதவளாகப் பார்த்தாள். பிறகு விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தாள். கேலி இல்லை, கள்ளம் இல்லை, மனம் நிறைந்த சிரிப்பு. நான் பகிடி விடுகிறேன் என்றுதான் அவள் நினைத்தாள். சத்தம் கேட்டுத் தங்கை பின்வாசலுக்கு வந்து, முகத்தைத் துடைத்தபடி என்ன என்று கேட்டாள்.

"கேட்டியா புள்ள," என்றாள் அம்மா, "கொக்காவ நினைச்சும் நான் பயப்பிடணுமாம்."

தங்கையும் சிரித்தாள். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.